மசோதா எந்த மேசையில் நிற்கிறது?

கேள்வி: என் மகள் தமிழக அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டது. துணைவேந்தர் நாற்காலி காலி. பட்டச் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டால் "மசோதா பிரச்சினை சார்" என்கிறார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆளுநருக்குக் கெடு வைத்தது. நவம்பரில் அதே நீதிமன்றம் கெடு வைக்க முடியாது என்கிறது. ஜல்லிக்கட்டுக்கு ஒரு வாரத்தில் சட்டம் வந்தது. நீட்டுக்கு மூன்று வருடம் இழுத்துவிட்டுக் கையை விரித்தார்கள். சட்டமன்றம், ஆளுநர், நீதிமன்றம், இதில் யார்தான் மேலே? என்னைப் போன்றவர்கள் எங்கே போய்க் கேட்பது?
- வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: ஐயா, "யார் மேலே" என்று தேடினால் அரசமைப்புச் சட்டத்தில் விடை கிடைக்காது. 1964-ல் உத்தரப் பிரதேசத்தில் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டுப் பார்த்தார்கள். பேரவை தண்டித்துச் சிறைக்கு அனுப்பிய கேசவ் சிங் என்பவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள். பேரவை அந்த நீதிபதிகளையே பிடித்து வரச் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டுத்தான் முடிச்சு அவிழ்ந்தது. அந்தக் கருத்து நீதிபதிகளின் பக்கம் நின்றது. ஆனால் நீதிமன்றம் பேரவைக்கு மேலே என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த விஷயத்தில், இந்த எல்லை வரை என்றுதான் பொருள்.

ஆகவே கேள்வியை மாற்றிப் போடுங்கள். கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது? அதை வைத்துக்கொண்டு அவர் என்னென்ன செய்யலாம்? எத்தனை நாளுக்குள்? முதல் இரண்டுக்கும் அரசமைப்பில் பதில் இருக்கிறது. மூன்றாவதற்குத்தான் இல்லை. உங்கள் மகளின் சான்றிதழ் வரை வந்து நிற்கும் சிக்கல் எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியில் பிறந்தது.

பேரவையில் குரல் வாக்கெடுப்பு முடிந்ததும் மசோதா சட்டமாகிவிடாது. பேரவைத் தலைவர் கையெழுத்திட்ட பிரதி, சட்டத் துறை வழியாகத் தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டையிலிருந்து ஆளுநர் மாளிகை இருக்கும் கிண்டிக்குப் போகிறது. அங்கே ஆளுநருக்கு 200-ஆவது பிரிவு சொல்லும் வழிகள் மூன்று. ஒப்புதல் தரலாம். குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி வைக்கலாம். அல்லது ஒப்புதலை நிறுத்திவைக்கலாம். இந்த மூன்றாவதோடு ஒரு வரம்புரை ஒட்டிக்கொண்டிருக்கிறது: பண மசோதா அல்லாத ஒன்றை, மறுபரிசீலனை செய்யுங்கள் என்ற செய்தியோடு "இயன்றளவு விரைவில்" பேரவைக்குத் திருப்பி அனுப்பலாம். பேரவை அதை மாற்றியோ மாற்றாமலோ மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

"இயன்றளவு விரைவில்" என்ற இந்தச் சொல்லாட்சி தற்செயலாக வந்ததல்ல. நாடாளுமன்ற மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்ப வரைவு அரசமைப்பில் ஆறு வாரம் என்று கணக்கே இருந்தது. அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தில் ஆறு வாரம் போய், "இயன்றளவு விரைவில்" வந்தது. தாமதிக்காமல் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படி விடவில்லை. அங்கே அதிபர் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால், காங்கிரஸ் கலைந்து போயிருந்தாலொழிய, மசோதா கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட துணைவேந்தர் மசோதாக்கள். 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையே பேரவை நிறைவேற்றிய 12 மசோதாக்கள் ஆளுநரிடம் நின்றன. பெரும்பாலானவை துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுபவை. தன் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவுக்குத் தானே ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் ஆளுநர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். 2023 அக்டோபர் கடைசியில் அரசு உச்ச நீதிமன்றம் போனது. நவம்பர் 13 அன்று பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார் ஆளுநர். மற்ற இரண்டு குடியரசுத் தலைவருக்குப் போயிருந்தன. நவம்பர் 18 அன்று பேரவை சிறப்புக் கூட்டம் போட்டுப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. பத்து நாள் கழித்து, நவம்பர் 28 அன்று, பத்தையும் அவர் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிவிட்டார்.

வழக்கு நின்றது இந்தக் கடைசி நகர்வின் மேல்தான். முதல் சுற்றில் கையில் இருந்த வழியை இரண்டாம் சுற்றில் எடுக்கலாமா? கூடாது என்றது 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அதோடு நிற்கவில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நிறுத்திவைக்கவோ ஒதுக்கவோ ஒரு மாதம், ஆலோசனைக்கு மாறாக என்றால் மூன்று மாதம், மறுபடி நிறைவேறி வந்தால் ஒரு மாதம், குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதம் என்று கெடு எழுதினார்கள். முழு நீதி கிடைக்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142-ஆவது பிரிவைக் கையிலெடுத்து, பத்து மசோதாக்களும் 2023 நவம்பர் 18 அன்றே ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்றார்கள். மூன்று நாளில் அவை அரசிதழில் வந்துவிட்டன. கையெழுத்தே இல்லாத சட்டங்கள்.

அடுத்த மாதமே இரண்டு திருப்பம். மே 13 அன்று குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கேசவ் சிங் விவகாரத்தில் திறந்த அதே கதவு இது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம், துணைவேந்தர் நியமனத்தை மாற்றும் விதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதன் காரணம் ஆளுநரின் ஒப்புதல் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளோடு மோதுகின்றன என்ற வாதம். அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் போனது. எனவே உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் "மசோதா பிரச்சினை" என்று யாராவது சொன்னால், மசோதா நிலுவையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் வந்துவிட்டது, அதற்குத் தடையும் வந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த வழக்கின் நிலவரத்தை.

2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன கருத்தைப் பலரும் "ஆளுநர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்" என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை. திருப்பி அனுப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்க ஆளுநருக்கு உரிமை இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. மாநிலத்துக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மறுபக்கம், மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றம் நாள் கணக்கில் கெடு வைக்க முடியாது. "ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும்" என்பதும் முடியாது, ஏனென்றால் அது வேறொருவர் போட வேண்டிய கையெழுத்தை நீதிமன்றம் போடுவது. நீண்ட, காரணம் சொல்லாத, முடிவே தெரியாத மௌனம் என்றால் மட்டும், நியாயமான காலத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்று மாண்டமஸ், அதாவது கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை, பிறப்பிக்கலாம். எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லக் கூடாது.

கோப்பை மேசையிலிருந்து நகர்த்து என்று நீதிமன்றம் சொல்லலாம், எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சொல்ல முடியாது. என் பார்வையில், கையெழுத்து விஷயத்தில் நவம்பர் கருத்து சரி, கெடு விஷயத்தில் அது மாநிலங்களைக் கைவிட்டுவிட்டது. எத்தனை மாதம் போனால் "நீண்ட" தாமதம் என்று ஒவ்வொரு முறையும் தனி வழக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வழக்கு முடியவே ஒரு வருடம் ஆகலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 143-இன் கீழ் சொல்லப்படுவது கருத்து. ஏப்ரல் தீர்ப்பின் மீதான மேல்முறையீடாக அது விசாரிக்கப்படவில்லை. அதனால் அந்தப் பத்துச் சட்டங்களும் அந்தக் கருத்தால் மறைந்துவிட்டன என்று நினைத்து மனு எழுத வேண்டாம்.

அதற்கு முந்தைய நாள், நவம்பர் 19 அன்று, அதே நீதிமன்றம் நாடாளுமன்றத்தின் கையைப் பிடித்திருந்தது. தீர்ப்பாய உறுப்பினர்களுக்கு நான்கே வருடப் பதவிக்காலம், குறைந்தபட்சம் 50 வயது போன்ற விதிகளை 2021 ஜூலையில் நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த மாதமே அதே விதிகள் 2021 தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டமாகத் திரும்பி வந்தன. பழைய கள், புதிய மொந்தை. மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடர்ந்த வழக்கில் அவை மறுபடி ரத்தாயின. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக அதே விதியை மறுபடி எழுதக் கூடாது. தீர்ப்பு எந்த அடித்தளத்தில் நிற்கிறதோ அதை மாற்றினால்தான் புதுச் சட்டம் நிற்கும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்கள் சொல்லிவரும் விதி இது.

ஜல்லிக்கட்டு இந்த விதிக்கு ஏறக்குறைய பாடப்புத்தகம். 2009-இல் தமிழகம் ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றியது. 2014 மே 7 தீர்ப்பில் அது விழுந்தது, காரணம் 1960-ஆம் ஆண்டு மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு முரண்பாடு. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் காளைகளுக்கு விலக்கு கொடுத்துப் பார்த்தது. ஐந்தே நாளில் தடை. தீர்ப்பை அறிவிக்கை போட்டுத் தாண்ட முடியாது. 2017-இல்தான் சரியான பூட்டுக்குச் சரியான சாவி போட்டார்கள். மத்திய சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும்படி திருத்தி, ஜல்லிக்கட்டை அதற்குள் ஒரு விதிவிலக்காக எழுதினார்கள். ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 அன்று பேரவை, 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

நீட் விலக்கு மசோதாவும் இதே பாதைதான். கல்வி 1976-இன் 42-ஆவது திருத்தத்தால், மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. எனவே மத்திய சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் 254-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் நிற்கும். 2021 செப்டம்பரில் பேரவை நிறைவேற்றியது. 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 8 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது. பிறகு டெல்லி. 2025 ஏப்ரல் 4 அன்று, நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். எட்டு நாளுக்கும் மூன்று வருடத்துக்கும் இடையே சட்டத்தில் எந்த வேறுபாடும் இல்லை. குடியரசுத் தலைவர் நடப்பது மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி. 2017-இல் டெல்லிக்கு விருப்பம் இருந்தது, 2022-இல் இல்லை. ஆளுநருக்கு இருப்பதுபோல் "இரண்டாம் முறை வந்தால் நிறுத்திவைக்கக் கூடாது" என்ற கட்டு, ஒதுக்கப்பட்ட மசோதாக்களைப் பற்றிய 201-ஆவது பிரிவில் குடியரசுத் தலைவருக்குக் கிடையாது. பொதுப்பட்டியல் மசோதாவுக்காகப் போராடும் எந்தச் சங்கமும் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய வரி இது. பேரவையில் ஒருமனதாக நிறைவேறினாலும் சாவி டெல்லியில்.

ஆளுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1978-இன் 44-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூன்றாவது பிரிவு, ஆலோசனைக் குழுவின் கருத்து இல்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஒப்புதலும் ஆனது. அமலுக்கு வரும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ அரசுகள் மாறின, அந்த அறிவிக்கை வரவே இல்லை. 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேதி குறி என்று அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஒப்புதலுக்குப் பிறகும் கோப்பு தூங்கலாம், அதுவும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் மேசையிலேயே.

இதனால்தான் ஒரு மசோதாவின் நிலையை அறிய அரசிதழைப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசிதழில் நான்காம் பகுதியின் முதல் பிரிவில் மசோதாக்கள் வரும், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். இரண்டாம் பிரிவில் சட்டத்தின் தலையில் ஒரு வரி இருக்கும்: இந்தச் சட்டம் இன்ன தேதியில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது என்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்றிருந்தால் அது டெல்லி போய் வந்தது. மத்திய சட்டத்தோடு முரண்பாடு என்ற வாதத்துக்கு அது ஓரளவு கவசம். அடுத்து அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில் உள்ள உட்பிரிவுகளைப் பாருங்கள். "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் தேதியில் அமலுக்கு வரும்" என்றிருந்தால் அந்த அறிவிக்கையையும் தனியாகத் தேட வேண்டும். இதைப் பார்க்காமல், சட்டம் வந்துவிட்டது என்று மனு போட்டு ஏமாறுபவர்கள் அதிகம்.

அரசிதழில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சட்டத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் ஆளுநர் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். தேதி கேளுங்கள்: பேரவை மசோதா எண்ணைக் குறிப்பிட்டு, அது ஆளுநர் செயலகத்தில் பெறப்பட்ட தேதி, கோப்பு எண், விளக்கம் கேட்டு அரசுக்கு எழுதிய கடிதங்களின் தேதியும் நகலும், அரசு பதில் அனுப்பிய தேதி, இன்றைய நிலை. கடிதங்களின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் தாமதம் கிண்டியிலா கோட்டையிலா என்பது தானே தெரியும். அமைச்சரவைக் குறிப்பு என்று மறுத்தால், தேதிகளை மட்டும் பிரித்துத் தரும்படி சட்டத்தின் 10-ஆவது பிரிவைச் சுட்டலாம்.

மசோதா டெல்லியில் இருந்தால் மனு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அல்ல, உள்துறை அமைச்சகத்துக்கு. மாநில மசோதாக்களை மற்ற அமைச்சகங்களுக்குச் சுற்றுக்கு விடுவது அதுதான். ஒதுக்கப்பட்ட மசோதாக்கள் மீது மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2016 பிப்ரவரி 4 அன்று அந்த அமைச்சகமே ஓர் அலுவலகக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அதைச் சுட்டி, எந்தெந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். இரண்டு இடத்திலும் பதில் தர 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேர்தல் வந்து பேரவை கலைந்தால் மசோதா செத்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதா பேரவை கலைவதால் காலாவதியாகாது என்பது கேரள விவசாயச் சட்ட வழக்கில், 1961-லேயே முடிந்த விஷயம்.

மாண்டமஸ் கேட்டு நீங்களே வழக்குப் போடலாமா என்று நினைத்தால், அவசரப்பட வேண்டாம் என்பேன். கோப்பின் முழுத் தேதிகளும் கையில் இருப்பது மாநில அரசிடம். அது மனுதாரராக வரும்போதுதான் தாமதம் எத்தனை நாள் என்பது மறுக்க முடியாதபடி நிற்கும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை இதில் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துணைவேந்தர் இல்லாத காலத்தில் பல்கலைக்கழகத்தை ஒருங்கிணைப்புக் குழு நடத்துகிறது. பதிவாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் வழக்கம்போல வேலை செய்கிறார்கள். வாய்மொழித் தேர்வு முடிந்து முடிவும் அறிவிக்கப்பட்டிருந்தால், தற்காலிகச் சான்றிதழ் கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆய்வுப் பதிவு எண், வாய்மொழித் தேர்வு நடந்த தேதி, முடிவு அறிவித்த கடிதத்தின் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கவும் மேல் ஆய்வுக்குப் போகவும் பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டி வந்தால் முதல் இணைப்பு அந்தக் காகிதம்தான்.